வால்சாவி

என் அக்கா செத்தபோது அவள் புருஷன் அழவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவரைப் பற்றி நான் என்ன சொன்னாலும் நடுவில் அந்தக் கோபம் எட்டிப் பார்க்கும். அது எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நானும் அவரும் ஒரே தொழில். வசதியான வீடுகளின் பின்பக்கம் நீச்சல் குளம் கட்டுகிறார்கள் இல்லையா, அதற்குத் தண்ணீர் போகிற, வருகிற பைப் எல்லாம் என் வேலை. அந்தத் தண்ணீர் எப்போது சுற்ற வேண்டும், எப்போது நிற்க வேண்டும், மருந்து எப்போது கலக்க வேண்டும், எந்த விளக்கு எப்போது எரிய வேண்டும் என்று தானாகவே பார்த்துக்கொள்கிற பேனல் அவருடைய வேலை. மோட்டார் அறைச் சுவரில் ஒரு இரும்புப் பெட்டி மாட்டியிருக்கும். வெளியே சில பட்டன்கள், சில விளக்குகள். வீட்டுக்காரர்கள் அதோடு சரி. கதவைத் திறந்தால் உள்ளே தலையைப் படிய வாரிப் பின்னிவிட்டது போல வயர்கள் இறங்கும். ஒவ்வொரு முனையிலும் எண் போட்ட வளையம், ஒவ்வொன்றும் தன் இடத்தில். எங்கே யார் பேனல் செய்தாலும், திறந்து பார்த்தால் இது மாமாவின் கை, இது இன்னொருத்தன் கை என்று என்னால் சொல்லிவிட முடியும்.

மாமா என்று நான் சொல்வது அவரைத்தான். அதிகம் பேசமாட்டார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். அக்காதான் அவருக்கும் சேர்த்துப் பேசுவாள். ஒரு வயரைத் திருகி முடித்ததும் இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். ஏன் இரண்டு என்று ஒரு தடவை கேட்டேன். "மொதல்ல எனக்காக. அப்பறம் நாளைக்கு இதுல கை வைக்கப்போறவனுக்காக" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட பிரசங்கம் அது ஒன்றுதான்.

வேலை நடக்கிற இடங்களில் அவருக்கு 'வால்சாவி' என்று பெயர். அவருடைய சாவி வளையத்தில் ஒரு சாண் நீளத்துக்குச் சிவப்பு வயர் தொங்கும், இரு முனையிலும் கிளிப்போடு. கொத்தனார் முதல் டைல்ஸ் ஒட்டுகிறவர் வரை அதைப் பிடித்து இழுத்துக் கிண்டல் செய்வார்கள். மாமா சிரிக்கவும் மாட்டார், கோபப்படவும் மாட்டார். சாவியை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொள்வார்.

அந்த வால் எதற்கு என்று சொல்ல வேண்டும். குளத்துத் தண்ணீரில் இரண்டு மருந்து கலக்கிறோம். ஒன்று குளோரின், இன்னொன்று ஆசிட். ஓடுகிற தண்ணீரில் தனித்தனியாக, சொட்டுச் சொட்டாகக் கலந்தால் இரண்டும் நல்ல பிள்ளைகள். தண்ணீர் நின்றுபோன பைப்புக்குள் இரண்டும் சந்தித்துக்கொண்டால் போச்சு, நெஞ்சை அடைக்கிற விஷப் புகை. மறுபடி மோட்டார் ஓடும்போது அந்தப் புகை குளத்துக்குள்ளேயே வந்து கொப்பளிக்கும். அதனால் பைப்பில் ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்திருப்போம். தண்ணீர் ஓடினால்தான் அது பேனலுக்குச் சரி சொல்லும். அது சரி சொன்னால்தான் மருந்து பம்புகள் சுற்றும்.

ஆனால் பைப் ஒட்டின பசை காய்கிற வரைக்கும் தண்ணீர் விட முடியாது. அதுவரை பேனல்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா? ஸ்விட்சிலிருந்து வருகிற இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடுவார். தண்ணீர் ஓடுகிறது என்று பேனலிடம் பொய் சொல்கிற வயர் அது. லிங்க் என்போம். இந்தத் தொழிலில் எல்லோரும் போடுவார்கள். எடுக்க மறந்து மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. மறந்தால் உடனே ஒன்றும் தெரியாது. எல்லாம் ஒழுங்காகவே ஓடும். மோட்டார் நிற்கிற நேரம் வந்த பிறகுதான் வினை.

கல்யாணமான புதிதில் மாமா ஒருநாள் சோற்றைப் பிசைந்தவர் அப்படியே கையை உதறிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினார், மறந்த லிங்க்கை எடுப்பதற்கு. கொஞ்ச நாளில் அதே கூத்து மறுபடியும். அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"பாதிச் சோத்துல எந்திரிச்சு ஓடறதுக்கு நான் எதுக்குச் சமைக்கணும்? அந்த வயர வண்டிச் சாவியோட சேர்த்துக் கட்டிடுங்க. வயரு அங்க கெடந்தா சாவியும் அங்கதான் கெடக்கும். சாவி இல்லாம எப்படி வீடு வந்து சேர்றீங்கன்னு நானும் பாக்கறேன்."

அக்கா வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருந்தாள். ஊசியை ஒருநாளும் வெறுமனே வைக்கமாட்டாள். சிவப்பு நூல் கோர்த்துத்தான் வைப்பாள், கீழே விழுந்தால் கண்ணில் படட்டும் என்று. வயருக்குச் சாவி கோர்க்கிற யோசனை அங்கேயிருந்து வந்ததுதான். அன்றிலிருந்து மாமா ஒரு லிங்க்கைக்கூட மறந்ததில்லை. வேலை முடிந்து கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். சாவி இருக்காது. திரும்பிப் போய்ப் பேனலைத் திறப்பார்.

வீட்டுச் சாவி அந்த வளையத்தில் இருந்ததே இல்லை. அதற்குத் தேவை வரவில்லை. சாயங்காலம் அக்கா முன்னறையில் மெஷினில்தான் இருப்பாள். மாமா பெல் அடிப்பார். அந்தப் பெல் அவரே மாட்டியது. அந்தச் சின்ன வீட்டுக்கு அவ்வளவு சத்தம் தேவையில்லை, ஆனால் மெஷின் ஓடும்போதும் அவளுக்குக் கேட்க வேண்டும் என்று மாட்டினார். அக்கா "வர்றேன்" என்று குரல் கொடுத்துவிட்டு, கையிலிருக்கும் தையலை முடித்துவிட்டுத்தான் எழுவாள். அதுவரை மாமா ஒரு அடி பின்னால் நகர்ந்து மிதியடியில் காலைத் தேய்த்துக்கொண்டு நிற்பார். அவசரப்படுத்தமாட்டார். இன்னொரு தடவை அழுத்தமாட்டார். பிள்ளைகள் இல்லாத வீடு. அந்த மெஷின் சத்தமும் பெல் சத்தமும் போதும் என்று இருந்தார்கள்.

அப்படி இருந்தவள் ஒரு மத்தியானம் நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லி, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் போய்விட்டாள். டாக்டர் வெளியே வந்து எங்களிடம் சொன்னார். நான் தரையில் விழுந்து அழுதேன். மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, "இந்தப் பிளக் லூசா இருக்கும்மா. சூடாகும். யாரையாவது பாக்கச் சொல்லுங்க" என்றார். என் அக்கா உள்ளே கிடக்கிறாள். இந்த மனுஷனுக்குப் பிளக்!

அத்தோடு முடிந்ததா? எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் மிச்சம். மாமா ஸ்டூலைப் போட்டு ஏறினார். நடையில் ஒரு விளக்கு ரொம்ப நாளாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி, உள்ளே வயரைச் சீவித் திருகி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்து மாட்டினார்.

"இப்ப இது அவசியமா மாமா?" என்றேன்.

"அவ சொல்லிட்டே இருந்தா" என்றார்.

கல்நெஞ்சுக்காரன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனேன். என் மனைவியிடமும் சொன்னேன். அவள், "சில பேருக்கு அழுகை வராதுங்க" என்றாள். "எனக்கு வந்துச்சே" என்றேன். 

பிறகு மாதங்கள் போயின. மாமா வேலைக்கு வந்தார், போனார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் பக்கத்தில் நிற்க முடியவில்லை. சர்க்கரை போடாத டீயைக் கொடுத்தாலும் குடிப்பார், போட்டதைக் கொடுத்தாலும் குடிப்பார். வெயிலில் நிற்கச் சொன்னால் நிற்பார். ஒருநாள் வயர் முனையை நசுக்குகிற கருவியில் விரல் மாட்டித் தோல் கிழிந்துவிட்டது. பேனலுக்குள் வெள்ளை வயரெல்லாம் சிவப்பாகிக்கொண்டே போகிறது. அவர் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கிறார். நான்தான் கத்தினேன்.

"மாமா, ரத்தம்! வலிக்கலையா?"

விரலைத் தூக்கிப் பார்த்தார். யாருடைய விரலோ போல.

"தெரியல மாப்ளே" என்றார். பிறகு ரத்தம் பட்ட வயர்களை எல்லாம் மாற்றினார். விரலுக்குத் துணி சுற்றியது நான்.

இப்படி ஒரு மனுஷனோடு எத்தனை நாள் மல்லுக்கட்டுவது? அக்கா இருந்தவரை அவர் உறவு. அவளுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர் எனக்கு யார்? கையில் இருந்த குளத்து வேலை முடிந்ததும் தனித்தனியாகப் போய்விடலாம் என்று சொல்லிவிட முடிவு செய்தேன். எனக்கு வேறு பேனல்காரர் கிடைப்பார். அவருக்கு வேறு பைப்காரன் கிடைப்பான். அக்கா வீட்டுப் பக்கம் நான் போவதற்குக் காரணமும் அத்தோடு தீர்ந்துவிடும். அதைத்தான் நான் விரும்பினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் குளத்தின் சொந்தக்காரர் பெரிய சரீரம். இடுப்பில் ஆபரேஷன் செய்திருந்தார். தினமும் தண்ணீருக்குள் நடங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மனுஷனுக்கு நீச்சல் தெரியாது, தண்ணீர் என்றாலே பயம். ஆனால் குளம் கட்ட ஆரம்பித்ததிலிருந்து அவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு நாளெல்லாம் எங்கள் தலைமாட்டிலேயே நிற்பார்.

"பேனல்காரரே, தண்ணிக்குள்ள லைட்டு இருக்கே, எனக்கு ஷாக் அடிக்காதே?"

"அடிக்காது."

"நெஜமாத்தானே?"

"ம்."

"இவரு என்னங்க, பேச்சுக்கும் ஃபியூஸ் போட்டு வெச்சிருக்காரு?" என்று என்னைக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. மாமா திருகிக்கொண்டிருந்தார்.

கடைசி நாள் வந்தது. மாமாவின் வண்டி மெக்கானிக்கிடம் இருந்தது. நான்தான் என் வேனில் ஏற்றிக்கொண்டு போனேன். வண்டிச் சாவியை மெக்கானிக்கிடம் கழற்றிக் கொடுத்திருந்தார். வளையத்தில் மிச்சம் இருந்தது வீட்டுச் சாவியும் சிவப்பு வாலும்தான். வீட்டுச் சாவி இப்போது அந்த வளையத்தில் இருந்தது. கதவைத் திறக்க ஆளில்லை, வேறு என்ன செய்வார்.

காலையில் என் பைப்பில் பசை காய்ந்துகொண்டிருந்தது. மாமா வழக்கம்போல லிங்க் போட்டு மருந்து பம்புகளைச் சோதித்தார். சின்னப் பம்புகள், உள்ளங்கை அகலம்தான் இருக்கும், டிக் டிக் என்று சுற்றின. சாவி பேனலுக்குள் தொங்கியது. பேனல் கதவில் இருக்கிற பட்டன்களைச் சோதிக்க வேண்டும் என்றால் கதவை மூட வேண்டும். சாவி இடித்தது. அதை வயர்கள் போகிற பட்டைக்குள் செருகிவிட்டுக் கதவை மூடினார்.

மத்தியானம் தண்ணீர் விட்டோம். மோட்டார் முதல் அழுத்தலிலேயே பிடித்துக்கொண்டது. குளத்துக்குள் நாலு பக்கமும் தண்ணீர் சுழித்துக்கொண்டு வந்தது. சொந்தக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. தானே பட்டன்களை அழுத்திப் பார்க்க வேண்டும் என்றார். அழுத்தினார். பச்சை விளக்கு எரிந்தது. நிறுத்தினார். சிவப்பு எரிந்தது. திருவிழாவுக்கு வந்தவர் மாதிரி திரும்பத் திரும்ப அதையே செய்தார். கடைசியில் மாமா டைமரைப் போட்டு எல்லாவற்றையும் தானியங்கியில் விட்டார். பொழுது சாயும்போது மோட்டார் தானாக நிற்கும், விடியும்போது தானாக ஓடும்.

"விடிஞ்சதும் மோட்டார் சத்தம் கேட்டா நான் எறங்கிடுவேன்" என்றார் சொந்தக்காரர். "பல்லுகூட அப்பறம்தான்."

எனக்கு வேறு நினைப்பு. வேனில் போகும்போது விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று சொற்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். மாமா பையைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டி ஓட்ட வேண்டியவர் நான். சாவி தேடி அவர் கை சட்டைப் பைக்குள் போக வேண்டிய வேலையே இல்லை.

பாதி வழியில் சொன்னேன்.

"மாமா, இந்த வேலையோட நாம பிரிஞ்சுக்கலாம்னு பாக்கறேன். நீங்க தனியாப் பாத்துக்கங்க, நான் தனியாப் பாத்துக்கறேன்."

"சரி" என்றார்.

ஏன் என்று கேட்பார், நான் சொல்வேன், சண்டை வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தவன் நான். அவர் ஜன்னல் வழியாகக் கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

அவர் தெரு முட்டுச்சந்து. கடைசிவரை போய்த்தான் வேனைத் திருப்ப வேண்டும். திருப்பிக்கொண்டு வரும்போது பார்த்தேன். மாமா கதவுக்கு முன்னால் ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்று, மிதியடியில் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

பெல் அடித்துவிட்டு நிற்கிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வேனை நிறுத்தினேன். இறங்கத் தோன்றவில்லை. அவர் பொறுமையாக நின்றார். தையல் ஒரு வரி முடிகிற நேரம். பிறகு இன்னொரு வரியும் முடிந்திருக்கும். அப்போது அவர் ஒருநாளும் செய்யாததைச் செய்தார். மறுபடியும் பெல்லை அழுத்தினார். கதவில் காதை வைத்துக் கேட்டார். பெல் பட்டனைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார், கோளாறான சாமானைப் பார்க்கிற மாதிரி. அதற்கப்புறம் கை சட்டைப் பைக்குப் போயிற்று. பையைத் தட்டினார். இன்னொரு பையைத் தட்டினார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"சாவி பேனல்ல இருக்கு மாப்ளே" என்றார். குரலில் ஒன்றும் இல்லை. "லிங்க் எடுக்கல."

 வானத்தைப் பார்த்தேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மோட்டார் நிற்கப் போகிறது. மருந்து நிற்காது. விடிய விடிய ஒரே பைப்புக்குள் குளோரினும் ஆசிட்டும் இறங்கிக்கொண்டே இருக்கும். விடிந்ததும் மோட்டார் ஓடும். பல்கூடத் தேய்க்காமல் அந்தப் பெரிய மனுஷன் தடியை ஓரமாக வைத்துவிட்டு இறங்குவார். அவசரத்துக்கு ஓடி ஏறக்கூட அவரால் முடியாது.

மாமா ஏறினார். வேனை விரட்டிக்கொண்டே போனை அவரிடம் கொடுத்தேன். ஸ்பீக்கரில் சொந்தக்காரர் உற்சாகமாக வந்தார்.

"கரையில உக்காந்து காலைத் தொங்கப் போட்டிருக்கேன் பேனல்காரரே! சொகமா இருக்கு!"

"காலை எடுத்துட்டு வீட்டுக்குள்ள போங்க. நாங்க வர்றோம்."

"ஏன், ஷாக்கா?"

"ஷாக் இல்ல. மருந்து. மோட்டார் ரூம்ல மெயின் சுவிட்ச ஆஃப் பண்ண முடியுமா?"

"எது? அதுல வரிசையா ஏகப்பட்டது இருக்கே."

"அப்ப எதையும் தொடாதீங்க. உள்ள போயிடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். வழியெல்லாம் மடியில் கை இரண்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலது கை கட்டைவிரல் மட்டும் எதையோ அழுத்துவது போல அசைந்துகொண்டிருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மோட்டார் நின்றுவிட்டிருந்தது. குளம் அசையாமல் கிடந்தது. மோட்டார் அறைக் கதவைத் திறந்தால் அந்த அமைதிக்குள் டிக், டிக் என்று சத்தம். இரண்டு சின்னப் பம்புகளும் சமர்த்தாகச் சுற்றிக்கொண்டிருந்தன, சொன்ன வேலையைத் தட்டாமல் செய்கிற பிள்ளைகள் மாதிரி. மாமா மெயினை இறக்கினார். சத்தம் நின்றது. நான் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு குளத்துப் பக்கம் போகிற வால்வை மூடி, கழிவுப் பக்கம் திறந்து, பைப்பில் இருந்ததை எல்லாம் வெளியே விட்டேன். லேசாகத்தான் வாடை அடித்தது. அதற்கே எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

மாமா பேனலைத் திறந்து, பட்டைக்குள் கையை விட்டு, சிவப்பு வாலை உருவினார். சாவி கூடவே வந்தது. மெயினை ஏற்றி மோட்டாரை ஓடவிட்டார். பம்புகள் சுற்றின. மோட்டாரை நிறுத்தினார். பம்புகள் நின்றன. மறுபடி ஓடவிட்டு மறுபடி நிறுத்தினார். போதும் மாமா என்று நான் கையைப் பிடிக்கிறவரை செய்துகொண்டே இருந்தார்.

சொந்தக்காரர் தடியோடு வாசலில் வந்து நின்றார். மாமா ஒன்றையும் மறைக்கவில்லை.

"சோதிக்கறதுக்கு ஒரு வயர் போட்டேன். எடுக்க மறந்துட்டேன். அப்படியே விட்டிருந்தா காலைல உங்களுக்கு மூச்சடைச்சிருக்கும். தப்பு என்னோடது."

அந்த மனுஷனின் முகம் வெளுத்துவிட்டது. பிறகு சிவந்தது. "என்னய்யா இவ்வளவு சாதாரணமாச் சொல்றே? இனிமே உன்னை நம்பி நான் எப்படி எறங்கறது?" என்று கத்தினார். அவர் கத்தியதில் தப்பே இல்லை.

"நம்ப வேணாம்" என்றார் மாமா. "காலைல நான் வந்து மொதல்ல எறங்கறேன். அப்பறம் நீங்க எறங்குங்க."

சொந்தக்காரர் தடியை ஊன்றித் திரும்பி உள்ளே போய்விட்டார்.

திரும்பி வரும்போது தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. சாவியை மாமா உள்ளங்கைக்குள் மூடி வைத்திருந்தார். வால் மட்டும் விரலிடுக்கில் தொங்கியது. அக்காவின் யோசனையில் இத்தனை வருஷம் ஓட்டை இல்லை. வண்டி இல்லாமல் அவர் வருவார் என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்தால் கதவு திறக்காது என்றும் நினைத்துப் பார்க்கவில்லை. இத்தனைக்கும் இன்றைக்கும் அவர் லிங்க் ஞாபகம் வந்து திரும்பியது அந்தக் கதவால்தான்.

"காலைல நேரத்தோட வந்து ஏத்திக்கறேன் மாமா" என்றேன்.

"பிரிஞ்சுக்கலாம்னியே?"

"அது அப்ப."

"சரி" என்றார். அதே 'சரி'தான். இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை.

அவர் வீட்டு வாசலில் நானும் இறங்கினேன். அவர் கதவருகே போய்ச் சாவியைப் பூட்டில் வைத்தவர், திருகாமல் நின்றார். பிறகு சாவியை என் பக்கம் நீட்டினார்.

"நீ உள்ள போயிக் கதவைச் சாத்திக்க மாப்ளே. நான் பெல் அடிக்கறேன்."

"எதுக்கு மாமா?"

"வேல செய்யுதான்னு பாக்கணும். வெளிய நின்னாச் சரியாத் தெரியல."

வேலை செய்யாமல் என்ன? அவர் இரண்டாவது தடவை அடித்தது தெருவில் வேனுக்குள் இருந்த எனக்கே கேட்டது. நான் சாவியை வாங்கினேன். கதவைத் திறந்து உள்ளே போய்ச் சாத்திக்கொண்டேன். நடை விளக்கைப் போட்டேன். கண் சிமிட்டாமல் எரிந்தது. முன்னறையில் மெஷின் மேல் ஒரு துணி பாதித் தையலோடு ஊசிக்கடியில் அப்படியே இருந்தது. இத்தனை மாதமாக அவர் அதை எடுக்கவில்லை. பக்கத்தில் ஒரு ஊசி, சிவப்பு நூலோடு.

பெல் அடித்தது. வீடே அதிர்ந்தது. என்னையும் அறியாமல் "வர்றேன்" என்று குரல் கொடுத்தேன்.  மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழாதவர் என்று அவரைத் திட்டிக்கொண்டே திரிந்தவன் நான். அவருடைய வீட்டுக்குள் நின்று அவருக்காக அழுதேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன்.

மாமா ஒரு அடி தள்ளி மிதியடியில் நின்றுகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளைத் தாண்டி முன்னறையைப் பார்த்தார்.

"உள்ள கேட்டுச்சா?"

"நல்லாக் கேட்டுச்சு மாமா."

"மெஷின் ஓடுனாலும் கேக்குமா?"

"கேக்கும்."

"அப்ப பெல்லுல கோளாறு இல்ல" என்றார்.

 அப்புறம் வாசற்படியில் உட்கார்ந்தார். முதலில் தோள்தான் குலுங்கியது, சத்தம் பிறகுதான் வந்தது. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கதவு எங்களுக்குப் பின்னால் திறந்தே கிடந்தது.